நாகர்கோவில் கொட்டாரத்தில் இரண்டு சாவுகள்: தம்பிமார் கதையின் பின்னணி

கொன்றவர் யார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு கொலை வழக்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 300 ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. இடம் நாகர்கோவில் கொட்டாரம், அதாவது மன்னரின் அரண்மனை. காலம் 1730-ஐ ஒட்டிய ஆண்டுகள். செத்தவர்கள் அண்ணன் தம்பி இருவர்: பப்பு தம்பி, ராமன் தம்பி. வில்லுப்பாட்டுக்காரர்கள் வாயில் இவர்கள் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி. இவர்கள் உயிர் போனது திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மாவின் கையால், அல்லது அவர் கண்ணசைவில். இதுவரை எந்தத் தரப்புக்கும் சண்டையில்லை. சண்டையெல்லாம் அடுத்த கேள்வியில்தான். தன்னை வெட்ட வந்தவர்களை மன்னர் திருப்பி வெட்டினாரா? இல்லை, நல்ல வார்த்தை சொல்லி வரவழைத்து வெட்டினாரா?

அன்றைய நாகர்கோவிலை இன்றைய நகரத்தை வைத்து நினைத்துப் பார்க்கக் கூடாது. மணிமேடை என்ற மணிக்கூண்டு கட்டி முடிய இன்னும் 160 ஆண்டுக்கு மேல் இருந்தது. லண்டன் மிஷன்காரர்கள் மயிலாடிக்கு வந்து சேரவே 70 ஆண்டுக்கு மேல் பாக்கி. சந்தையும் வியாபாரமும் கோட்டாறில். பெரிய கோயில் சுசீந்திரத்தில். ஆட்சி கல்குளத்தில், இன்று பத்மநாபபுரம் அரண்மனை என்று டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறோமே, அந்த இடம்தான். நாகர்கோவில் என்றால் நாகராஜா கோயில், அதைச் சுற்றிக் கொஞ்சம் தெரு, குளம், வயல். மன்னர் நாஞ்சில் நாடு என்ற இந்த வட்டாரத்துப் பக்கம் வந்தால் தங்குவதற்கு ஒரு கொட்டாரம். அந்தச் சின்ன ஊரில் நடந்த இரண்டு சாவு திருவிதாங்கூர் என்ற ராஜ்யத்தின் போக்கையே நிர்ணயித்தது.

மகனா, மருமகனா

விஷயம் சொத்துத் தகராறு. சொத்து ஒரு நாடு என்பதுதான் வித்தியாசம்.

திருவிதாங்கூரின் பழைய பெயரான வேணாட்டின் அரச குடும்பத்தில் மருமக்கள்வழி. மன்னர் இறந்தால் பட்டம் அவர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மன்னரின் மனைவி ராணி ஆவதில்லை. அவருக்கு அம்மச்சி என்று பெயர், அவர் இருக்கும் வீடு அம்மவீடு. ராணி என்ற இடம் மன்னரின் சகோதரிகளுக்கு உரியது. அம்மச்சிக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகள் தம்பி, பெண்பிள்ளைகள் தங்கச்சி. தம்பி என்பது இங்கே உறவுப் பெயராக இல்லாமல் பட்டமாக நிற்கிறது. நிலம் கிடைக்கும், மரியாதை கிடைக்கும், பல்லக்கு கிடைக்கும். செங்கோல் மட்டும் கிடைக்காது.

1724 முதல் 1729 வரை ஆண்ட ராமவர்மாவுக்கு அம்மச்சி மூலம் பிறந்தவர்கள்தான் பப்பு தம்பியும் ராமன் தம்பியும். கூட ஒரு தங்கை. இவர்கள் அம்மா உள்ளூர்க்காரி இல்லை என்று ஒரு பேச்சு தொடர்ந்து உண்டு. வடக்கே எங்கிருந்தோ வந்தவள், சுசீந்திரத்தில் வைத்து மன்னர் கண்டு மணந்தார் என்பார்கள். பெயர் அபிராமி என்றும், வேறு விதமாகவும் வரும். அவள் மக்கள்வழி உள்ள தேசத்திலிருந்து வந்தவள் என்று கதை சொல்ல வருகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பன் சொத்து மகனுக்கு என்ற எண்ணம் இந்தக் கொட்டாரத்துக்குள் எப்படி நுழைந்தது என்ற கேள்விக்கு ஊர் தானாகக் கண்டுபிடித்த பதில் அது. உண்மையில் அதற்கு வடக்கே எங்கும் போக வேண்டாம். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் பாண்டிநாடு, அங்கே மக்கள்வழிதான்.

ராமவர்மா 1729-ல் இறந்தார். முறைப்படி மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். வயது 23 அல்லது 24 இருக்கும். மகன்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் அவர்களால் அப்படிக் கேட்க முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய வேணாட்டில் மன்னர் எவ்வளவு பலவீனமானவர் என்பதைப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் எட்டரயோகம் என்ற சபையிடம் இருந்தது. அதில் மன்னருக்கு உள்ள பங்கு அரை. கோயில் நிலங்களில் வரி தண்டும் பொறுப்பு எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடம்: கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், குளத்தூர் என்று ஆளுக்கொரு வட்டாரம், ஆளுக்கொரு படை. 1721-ல் ஆற்றிங்கலில் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கூட்டம் வெட்டிச் சாய்த்தபோது அதைத் தடுக்கவோ தண்டிக்கவோ அரசால் முடியவில்லை. 1723-ல் கம்பெனியோடு ஒப்பந்தம், 1726-ல் திருச்சி நாயக்கரிடம் கூலிப்படை கேட்டு ஒப்பந்தம். இந்த இரண்டிலும் இளவரசனாக இருந்த மார்த்தாண்டவர்மாவின் யோசனை இருந்தது. பிள்ளைமார் அவரைத் துரத்தினார்கள், அவர் ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார் என்பதற்குக் கதைகள் ஏராளம். நெய்யாற்றின்கரைக் கோயிலில் அவர் ஒளிந்த பலாமரப் பொந்து என்று இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பழைய கொட்டாரம் எதைக் காட்டினாலும் அதிலிருந்து ஒரு சுரங்கப்பாதை கல்குளத்துக்குப் போவதாகச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

இப்படி மன்னரை வெறுத்தவர்களுக்கு, மன்னர் பட்டத்துக்கு இன்னொரு ஆள் கேட்கிறான் என்றால் அது தேடி வந்த சீதனம். பிள்ளைமார் தம்பிமார் பக்கம் நின்றார்கள்.

கொட்டாரம் சொல்லும் கதை

அரசுத் தரப்புக் கதையை அச்சில் நிலைநிறுத்தியது பி. சங்குண்ணி மேனோன் 1878-ல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு. கொலை நடந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அரண்மனை ஆதரவோடு எழுதப்பட்டது. அதன்படி தம்பிமார் உரிமை கேட்டுத் திருச்சியில் முறையிடுகிறார்கள். அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் படையோடு வருகிறார். விசாரித்துப் பார்த்து, இந்த நாட்டு வழக்கப்படி மருமகனுக்கே பட்டம் என்று கண்டு, பரிசு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறார். பரிசு விசாரணைக்கு முன்னால் போயிற்றா பின்னால் போயிற்றா என்று கேட்கத் தோன்றும், கேட்டு வைப்போம். அப்புறம் தம்பிமார் வேறு வழியில்லாமல் பிள்ளைமாரோடு சேர்ந்து மன்னரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள். மன்னர் நாகர்கோவிலில் தங்கியிருக்கும்போது காவலை மீறி உள்ளே போகிறார்கள். ஓங்கிய வாள் தாழ்வான உத்தரத்தில் பட்டுச் சிக்கிக்கொள்ள, மன்னர் பாய்ந்து எதிராளியைக் குத்திச் சாய்த்தார் என்று சொல்வதுண்டு. மற்றவனைக் காவலர்கள் முடித்தார்கள்.

உத்தரம் சாட்சி சொல்லாது. ஆனால் பத்மநாபபுரத்தில் அந்தக் காலத்து மரவேலைக் கட்டடங்களுக்குள் தலை குனிந்து நுழைந்தவர்களுக்கு இந்த விவரம் நம்பக்கூடியதாகவே இருக்கும். மாடியறைகளில் கையைத் தூக்கினால் உத்தரம் தட்டும். யாரோ அப்படிப்பட்ட வீட்டில் புழங்கியவர்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நடந்ததைச் சொன்னாரா, நடந்திருக்கக் கூடியதைச் சொன்னாரா என்பது வேறு.

வில்லு சொல்லும் கதை

அடுத்த தரப்பைக் கேட்க ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குப் போக வேண்டும். குமரி மாவட்டத்தில் கொடை என்றால் இரவு முழுக்க வில்லுப்பாட்டு. பனையிலோ மூங்கிலிலோ செய்த நீண்ட வில், நாணில் வரிசையாகக் கட்டிய மணிகள், வில்லின் நடுவே வயிற்றோடு சேர்த்துக் கட்டிய மண்குடம். தலைமைப் பாடகர் நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்டுவார். ஒருவர் பனைமட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு 'கும்' எழும். உடுக்கு ஒரு பக்கம், ஜாலரா ஒரு பக்கம், பின்பாட்டு ஒரு பக்கம். காப்பு பாடி, குருவடி பாடி, கதைக்குள் நுழைவார்கள். பிறப்பு, வளர்ப்பு எல்லாம் நிதானமாகப் போகும். சபையில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். கொலை நெருங்க நெருங்க உடுக்கின் தாளம் மாறும். தூங்கினவர்கள் எழுந்து உட்கார்வார்கள். வெட்டு விழும் இடத்தில் பாட்டைவிட உடுக்குதான் பேசும். சாமியாடுகிறவர் அதுவரை சும்மா தூணில் சாய்ந்து நின்றிருப்பார். அந்த இடத்தில் அவர் உடம்பு நடுங்கத் தொடங்கும், குலவை எழும். செத்தவன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அநியாயமாகக் கொல்லப்பட்டவன் அடங்க மாட்டான், அவனுக்குப் பீடம் போட்டு, கொடை கொடுத்து, அவன் கதையை அவன் முன்னாலேயே பாட வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் ஆழமான நம்பிக்கை. தெருவுக்கொரு இசக்கியும் மாடனும் வாதையும் இருக்கும் ஊர்களில் பாதித் தெய்வங்களின் பிறப்புச் சான்றிதழ் ஒரு கொலைதான். தம்பிமாரும் அப்படித் தெய்வமானவர்கள்.

வில்லின் கதையில் பட்டத்துச் சண்டை பின்னால் போய்விடுகிறது. முன்னால் நிற்பது தங்கை. பாடத்துக்குப் பாடம் அவள் பெயர் மாறும்; உம்மிணித்தங்கை என்று ஒரு பெயர். மன்னன் அவளைப் பார்க்கிறான், கேட்கிறான். அண்ணன்மார் கொடுக்க மறுக்கிறார்கள். அவமானப்பட்ட மன்னன் பகையைக் காட்டிக்கொள்ளாமல் நாகர்கோவில் கொட்டாரத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறான். போக வேண்டாம் என்று வீட்டில் அழுகிறார்கள். போகிறார்கள், வெட்டுப்படுகிறார்கள். தங்கை சாபமிட்டு, தன் நாக்கைத் தானே பிடுங்கிச் சாகிறாள் என்று முடிக்கும் பாடம் உண்டு.

இதையும் அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. போக வேண்டாம் என்று பெண்கள் தடுக்கும் இடத்தையே பாருங்கள். 1635-ல் கணியாகுளம் போரில் திருமலை நாயக்கர் படையோடு மோதிச் செத்த வேணாட்டுத் தளவாய் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாடலிலும் இதே காட்சி. அம்மா கெட்ட கனவு கண்டேன் என்கிறாள், மனைவி சகுனம் சரியில்லை என்கிறாள், வீரன் விதி என்று கிளம்புகிறான். அங்கேயும் காட்டிக்கொடுக்கும் துரோகம் உண்டு. குமரி மாவட்டத்துக் கொலைக் கதை எதை எடுத்தாலும் சகுனத்தடையும் துரோகமும் கற்புடைய பெண்ணின் சாபமும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து உட்காரும். பாடகருக்கு அவை தயார்நிலையில் உள்ள சரக்கு.

ஆனால் தயார்ச் சரக்கு கொட்டாரத்துப் பக்கமும் உண்டே. ராஜத்துரோகி ஆயுதத்தோடு உள்ளே புகுந்தான், மன்னர் தெய்வாதீனமாகத் தப்பினார், துரோகி அங்கேயே செத்தான் என்பது உலகத்தில் எல்லா அரண்மனையும் வைத்திருக்கும் பாட்டு. அதற்கு உடுக்கும் குடமும் இல்லை என்பதால் அது வரலாறு ஆகிவிடாது.

முறைப்பெண்

இரண்டு கதையையும் இரண்டு உலகம் என்று ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம்: ஒன்று அரசியல், மற்றது பெண்ணாசை. எனக்கு அப்படித் தெரியவில்லை.

உறவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மார்த்தாண்டவர்மா ராமவர்மாவின் சகோதரி வழி மருமகன். தங்கை ராமவர்மாவின் மகள். அப்படியென்றால் அவள் மார்த்தாண்டவர்மாவுக்கு மாமன் மகள், முறைப்பெண். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய சம்பந்தம் அது. கேட்டதில் மட்டும் அவ்வளவு பெரிய அவமானம் இருந்திருக்க முடியாது. பிறகு எதற்கு இவ்வளவு ரத்தம்? நிபந்தனை வைத்தார்கள் என்று சொல்வாரும் உண்டு: பெண் தருகிறோம், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்கு அடுத்த பட்டம் தருவாயா?

இந்த ஒரு கேள்வியில் இரண்டு கதையும் ஒன்றாகிவிடுகிறது. அண்ணன்மாருக்குக் கிடைக்காத உரிமை தங்கை மகன் வழியாகத் திரும்பி வரும். மன்னருக்கோ, அதற்குச் சம்மதித்தால் தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிய மாதிரி. மருமக்கள்வழி செல்லாது என்றால் அவரே மன்னர் இல்லையே. இன்னொன்றும் உண்டு. நிபந்தனை இல்லாமல் அவளை மணந்துகொண்டிருந்தால் அவள் இன்னொரு அம்மச்சி, அவள் பிள்ளைகள் இன்னும் இரண்டு தம்பிமார். அவள் அம்மா பட்ட பாட்டை அவளும் படுவாள். மறுத்த அண்ணன்மார் மனதில் இது ஓடாமல் இருந்திருக்குமா?

வில்லுப்பாட்டு சொத்து வழக்கைப் பெண்ணின் கதையாக மாற்றியதில் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டத்துக்கு ஆசைப்பட்டுச் செத்தவனுக்கு யாரும் கொடை கொடுக்க மாட்டார்கள். தங்கச்சி மானத்துக்காகச் செத்தவனுக்குக் கொடுப்பார்கள்.

எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது

வழக்கு தீராமல் போனதற்கு ஒரு எளிய காரணமும் உண்டு. அன்றைக்கு மன்னருக்கு மேலே விசாரிக்க யாரும் இல்லை. உயிர்த்தண்டனை விதிப்பவரும் அவர்தான். திருவிதாங்கூரில் ஜில்லா கோர்ட்டுகள் வந்தது கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், 1811-ஐ ஒட்டி. அதில் ஒன்று பத்மநாபபுரத்தில் வைக்கப்பட்டது. அதாவது சம்பவம் நடந்து 80 ஆண்டுக்குப் பிறகு.

அதற்கு முன்பு உண்மையைக் கண்டுபிடிக்க என்ன முறை இருந்தது என்பதற்கு நாகர்கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சுசீந்திரமே சாட்சி. பெண் தொடர்பான குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை அங்கே கொண்டுவந்து கொதிக்கும் நெய்யில் கையை விடச் சொல்வார்கள். உள்ளே போட்ட சிறு உருவத்தை எடுத்துக்கொண்டு கை வெளியே வர வேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் நிரபராதி. சுசீந்திரம் கைமுக்கு என்று பேர்போன இந்த வழக்கம் சுவாதித் திருநாள் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில்தான் நிறுத்தப்பட்டது. நம்பூதிரிக்கு நெய். மன்னருக்கு அதுவும் இல்லை.

நேரடிச் சாட்சியம் இல்லாத வழக்கில் முன்னும் பின்னும் நடந்ததை வைத்துத்தான் பேச முடியும். கூட்டிப் பார்த்தால் எனக்குத் தட்டுப்படுவது இவை. இடம் மன்னரின் கொட்டாரம், சுற்றிலும் மன்னரின் காவல். தாக்க வருபவர்கள் பிள்ளைமாரின் ஆட்படை இருக்கும் வடக்கை விட்டுவிட்டு, துணையில்லாமல் இருவராக எதிராளியின் வீட்டுக்குள் ஏன் நுழைய வேண்டும்? கோபத்தில் அறிவிழந்தார்கள் என்று சொல்லலாம். சொத்துத் தகராறில் அப்படியும் நடக்கும். ஆனால் அடுத்து நடந்தது கோபத்தில் நடந்த மாதிரி இல்லை. தம்பிமார் போனதும் பிள்ளைமார் மீது பாய்ச்சல். சதிக் குற்றம் சாட்டிப் பிடித்தார்கள், தூக்கிலிட்டார்கள், வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் மீனவர் துறைகளில் கொண்டு விட்டார்கள் என்று அரண்மனைத் தரப்பு வரலாறுகளே பெருமையாகச் சொல்கின்றன. இப்படி வரிசை வைத்துச் செய்கிற ஆளின் வீட்டுக்குள், முதல் எதிரிகள் இருவரும் தாங்களாகவே வாளோடு வந்து விழுந்தார்கள் என்பது கொஞ்சம் அதிர்ஷ்டம் கூடிப்போன கதை. வரவழைத்தார்கள் என்று வில்லு சொல்வதுதான் எனக்குப் பொருந்துகிறது. அதே சமயம், வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் தம்பி பட்டம் உள்ளவன் வாள் இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டான்.

மன்னர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் இப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த செய்தி அவர் சாவாக இருந்திருக்கும். உள்ளே இருந்த எதிரிகளை முடித்த பிறகுதான் அவரால் வெளியே திரும்ப முடிந்தது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததும், பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயை வைத்துப் படையைப் புதுப்பித்ததும், 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தான் தாசன் என்று ஆண்டதும் இதன் தொடர்ச்சி. பள்ளிப் பாடத்தில் குளச்சல் போர் இருக்கிறது, தம்பிமார் இல்லை.

அதே மன்னரின் காலத்தில், 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் நட்டாலத்துக்காரரான தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கேயும் இதே மாதிரி: யார் ஆணை என்பதில் பெரிய சந்தேகமில்லை, எதற்காக என்பதில் இன்றுவரை வாதம். மதம் மாறியதற்காக என்கிறது திருச்சபை. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். வேறு குற்றத்துக்கான தண்டனை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள்.

யார் கையில் எந்தக் கதை

1891-ல் சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் வந்ததும் தம்பிமார் பிரச்சினை மலையாள வாசகர்களுக்கு ஒரேயடியாக முடிந்துபோயிற்று. அதில் பப்பு தம்பி பத்மநாபன் தம்பி என்ற பெயரில் வில்லன், இளவரசன் நாயகன். சங்குண்ணி மேனோன் எழுதியதைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். நாவலைப் பாடப்புத்தகமாகவே படித்தவர்கள் பல தலைமுறை. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கதையும் எல்லைக்கோட்டில் இரண்டாகப் பிரிந்து நின்றது. கொலை நடந்த ஊர் இந்தப் பக்கம், அதைப் பற்றி எழுதிய நூல்களும் அரசு ஓலைகளும் அந்தப் பக்கம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரள அரசு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அந்த அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றி, இரண்டு மாநில போலீஸ் மரியாதையோடு சாமி ஊர்வலம் திருவனந்தபுரத்துக்குப் போகிறது. மன்னர் தரப்பின் நினைவைக் காக்க இத்தனை ஏற்பாடு. தம்பிமாருக்கு இருந்தது வில்லும் ஏட்டுச்சுவடியும் மட்டும்.

அப்படியிருந்தும் அந்தப் பாட்டு எப்படி இத்தனை காலம் நின்றது? அதற்கான பதிலை நான் கோயிலில் தேடவில்லை, பாட்டைக் கேட்க உட்கார்ந்திருந்தவர்களின் வீட்டில் தேடுகிறேன். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் மருமக்கள்வழிதான் இருந்தது. அப்பன் வயலில் மகன் உழுவான், நாற்று நடுவான், மடை திருப்புவான். அப்பன் கண்ணை மூடினால் வயல் அத்தை மகனுக்கு. மனைவி மக்களுக்கு என்று கிடைப்பது உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கு. குடும்பத் தலைவனான காரணவன் சாவதற்கும் மருமகன் வந்து அறைச்சாவியைக் கேட்பதற்கும் நடுவில் எத்தனை நாழிகை இருந்திருக்கும்? தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த அவலத்தை வைத்து ஒரு நீண்ட நையாண்டிக் கவிதையே எழுதினார். அதில் சிரிப்பு வரும் இடங்களை விட வயிறு எரியும் இடங்கள் அதிகம்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் கொடைப்பந்தலில் உட்கார்ந்து, அப்பன் சொத்தைக் கேட்கப்போன இருவரை அத்தை மகன் வெட்டிய கதையைக் கேட்கிறான். மக்கள்வழிக் குடும்பங்களும் அதே பந்தலில் இருந்தார்கள், அவர்களுக்கு அது அரசன் செய்த அநியாயம். இவனுக்கு அது வீட்டுக்கதை. பாடகர் தங்கச்சி மானம் என்று பாடினாலும் அவன் காதில் விழுந்தது வேறாக இருந்திருக்கும்.

கொட்டாரமும் அதன் வழியில் பாடம் கற்றுக்கொண்டது. பின்வந்த மன்னர்கள் அம்மச்சிமாரையும் அவர்கள் பிள்ளைகளையும் நிலபுலன் கொடுத்து, பெரிய வீடுகள் கட்டிக் கொடுத்து, நன்றாக வைத்துக்கொண்டார்கள். திருவனந்தபுரத்தின் பெயர்பெற்ற நான்கு அம்மவீடுகள் அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கும் நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். நாகர்கோவில் அம்மவீட்டிலிருந்தும் தம்பிகள் வந்தார்கள், வசதியாக வாழ்ந்தார்கள், பட்டம் கேட்கவில்லை.

நாஞ்சில் நாட்டு மகன்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், மருமக்கள் தரப்போடு கோர்ட் ஏறினார்கள். 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்தது. தம்பிமார் கேட்டது ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து, மார்த்தாண்டவர்மாவின் வாரிசுகள் ஆட்சியிலேயே சட்டமாயிற்று. அப்போதும் அரண்மனைக்குள் மட்டும் மருமக்கள்வழி தொடர்ந்தது.